பற்றரி, பாதை, அலைவரிசை: வன்னியில் செய்தி கட்டுப்பட்ட வரலாறு

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்ட பிறகு, வவுனியாவுக்கு வடக்கே கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்து, யூரியா, பெற்றோல் ஆகியவற்றோடு சின்னஞ்சிறு ரோச் பற்றரியும் இருந்தது. வெடிபொருள் செய்யப் பயன்படும் என்பது அரசு தரப்புக் காரணம். அதில் உண்மையே இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மின்சாரம் அறவே இல்லாத ஊர்களில் பற்றரி இல்லையென்றால் வானொலியும் இல்லை. இலங்கையின் எந்தப் பத்திரிகைச் சட்டமும், எந்த ஒலிபரப்புச் சட்டமும் செய்யாத ஒரு காரியத்தை அந்தத் தடைப்பட்டியல் ஓசையில்லாமல் செய்துவிட்டது.

சனம் சும்மா இருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த வயரில் வானொலி பாடியது. லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், திருச்சி வானொலி, அவற்றோடு விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரல் என்று நான்கு திசையிலிருந்தும் செய்தி வந்தது. சுற்றுகிற கை களைத்தால் வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்தக் காலத்தைக் கடந்த எவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள்.

அரசு ஊடகத்தைக் கட்டுப்படுத்திய வரலாற்றைச் சட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் அடுக்கி எழுதுவது வழக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைப் பொறுத்தவரை அப்படி எழுதினால் பாதிக் கதை விடுபட்டுப் போகும். இங்கே செய்தியைக் கட்டுப்படுத்தியவை பெரும்பாலும் பற்றரி, அச்சுத்தாள், சோதனைச் சாவடி, பயண அனுமதி, செய்மதி ஆகியவைதான். சட்டம் சில சமயம் அவற்றுக்கு முன்னால் நடந்தது. பல சமயம் பின்னால் வந்து சேர்ந்தது.

இருந்தாலும் சட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பத்திரிகையின் அச்சகத்தாரும் வெளியீட்டாளரும் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1839ஆம் ஆண்டின் பத்திரிகைக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. சுதந்திரத்துக்குச் சற்று முன், 1947இல், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அவசரகால நிலையை அறிவித்து, பாராளுமன்றத்தில் விவாதிக்காமலே விதிகள் இயற்றும் அதிகாரத்தை அது ஆட்சியாளருக்குக் கொடுத்தது. பிற்காலத் தணிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஊற்றிலிருந்து பிறந்தவை. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் வானொலியைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசின் கைக்குப் போனது. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் தன் 14ஆம் பிரிவில், சில வகைச் செய்திகளைத் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி இல்லாமல் அச்சிடுவதையே குற்றமாக்கியது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1961 சத்தியாக்கிரகத்தின்போது தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணத்தில் சொந்தமாக ஓர் அஞ்சல் சேவையைத் தொடங்கித் தன் முத்திரைகளை விற்றது. எஸ். ஜே. வி. செல்வநாயகமே முன்னின்று நடத்தினார். கச்சேரிகளின் முன்னால் வாரக்கணக்கில் நடந்த மறியலைப் பொறுத்துக்கொண்டிருந்த அரசு, முத்திரை விற்ற சில நாட்களுக்குள் அவசரகால நிலையை அறிவித்து, இராணுவத்தை அனுப்பித் தலைவர்களைத் தடுத்து வைத்தது. தகவல் தொடர்பைத் தன் இறைமையின் ஒரு பகுதியாகவே கொழும்பு கருதியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே சிக்கலை நாற்பது ஆண்டு கழித்துக் கிளிநொச்சியில் ஒரு வானொலிக் கோபுரம் மறுபடி கிளப்பியது.

1983 ஜூலை தொடக்கத்தில், கலவரத்துக்கு முன்னரே, யாழ்ப்பாணத்தின் சற்றர்டே ரிவியூ இதழும் சுதந்திரன் பத்திரிகையும் தடை செய்யப்பட்டன. 1987 ஒக்டோபரில் ஈழமுரசு, முரசொலி ஆகியவற்றின் அச்சகங்களை இந்திய அமைதிப்படை வெடிவைத்துத் தகர்த்தது. முதலாவது அவசரகால விதியின் கீழ் நடந்தது. இரண்டாவதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

1995 இறுதியில் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் வீழ்ந்தது. புலிகளின் நிர்வாகத்தோடு 1990இல் தொடங்கிய புலிகளின் குரல் வானொலியும் ஈழநாதம் நாளிதழும் வன்னிக்கு இடம்பெயர்ந்தன. இந்தக் காலத்து வன்னி விசித்திரமானது. கச்சேரி, அஞ்சலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் கொழும்பின் சம்பளத்தில் நடந்தன. பொலிஸும் நீதிமன்றமும் புலிகளுடையவை. நேரமும்கூட இரண்டாகப் பிரிந்தது. 1996இல் அரசு நாட்டின் கடிகாரத்தை முன்தள்ளியபோது புலிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, ஓமந்தைக்கு வடக்கே ஒரு மணி, தெற்கே இன்னொரு மணி. வானொலிச் செய்திக்குக் காத்திருப்பவர் எந்த மணியைப் பார்ப்பது என்பதே அரசியலாகிவிட்டது.

இராணுவச் செய்திகள் மீதான தணிக்கை 1995 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டு அந்த ஆண்டு முடிவில் நீங்கியது. 1996 ஏப்ரலில் திரும்ப வந்து ஒக்டோபர்வரை நீடித்தது. ஜூலை 18ஆம் திகதி முல்லைத்தீவுப் படைமுகாம் தாக்கப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் இறந்தது இந்தத் தணிக்கைக் காலத்தில்தான். போரின் அதுவரையான மிகப் பெரிய தோல்விகளில் ஒன்றைப் பற்றித் தெற்கிலே சொந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாய்மாருக்கு, தணிக்கை அதிகாரி கடந்துபோக விட்ட வரிகள்தான் கிடைத்தன. தணிக்கையால் இருட்டில் விடப்பட்டவர்கள் தமிழர் மட்டுமல்ல என்பதை இந்த வரலாற்றைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது. சைக்கிள் டைனமோவோடு பிபிசி கேட்ட வன்னிக் கிராமத்தான் சில நாட்களில் கொழும்புப் பத்திரிகை வாசகரைவிடக் கூடுதலாக அறிந்திருக்கக்கூடும்.

1997 மே மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு காரியங்கள் நடந்தன. 5ஆம் திகதி, இலங்கை ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. அலைவரிசைகள் பொதுச் சொத்து. அவற்றைப் பங்கிடும் அமைப்பு அரசின் பிடியில் இருக்கக் கூடாது. இந்தச் சட்டமூலம் அந்தச் சுதந்திரத்தைத் தரவில்லை என்பது நீதியரசர்களின் முடிவு. தெற்காசியாவில் ஒலிபரப்புச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்மானம் அது. எட்டு நாள் கழித்து, 13ஆம் திகதி, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஏ9 வீதியைப் பிடிக்க ‘ஜயசிக்குறு’ படையெடுப்பு தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுபட்ட அந்தப் போரைப் பார்க்கச் சுதந்திரமாகச் செல்லச் செய்தியாளருக்கு வழியில்லை. 1998 ஜூனில் அரசு மீண்டும் தணிக்கையைக் கொண்டு வந்தது. இம்முறை செய்தியைப் பார்த்து வெட்டும் பொறுப்பு ஒரு மேஜர் ஜெனரலிடமே போனது. யுத்தத்தை நடத்துகிற தரப்பே யுத்தச் செய்தியைத் திருத்தியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் புலிகளிடம் கைமாறியதும் இந்தத் திரைக்குப் பின்னால்தான்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததும் கெடுபிடி உச்சத்துக்குப் போனது. மே மாத விதிகள் வெளிநாட்டுச் செய்தியாளரையும் கட்டுப்படுத்தின. அச்சகங்களைப் பூட்டவும் இடம் கொடுத்தன. யாழ்ப்பாணத்தில் உதயனும் கொழும்பில் சண்டே லீடரும் சில நாள் இடைவெளியில் மூடப்பட்டன. லீடர் நீதிமன்றம் போய் வென்றது. தணிக்கை அதிகாரியின் நியமனமே முறைப்படி நடக்கவில்லை என்று ஜூன் 30ஆம் திகதி உயர் நீதிமன்றம் சொன்னது. பேச்சுச் சுதந்திரத்தைவிட நியமனக் கடிதத்தில் இருந்த ஓட்டைதான் பத்திரிகையைத் திறந்துவிட்டது என்றால் மிகையாகாது. உரிமைக்காக வாதாடுவோர் நடைமுறைப் பிழையையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த வழக்கு நல்ல பாடம்.

விதியைவிடப் பாதைதான் வலிமையானது என்பதை 2001 ஏப்ரல் காட்டியது. லண்டன் சண்டே ரைம்ஸ் செய்தியாளர் மேரி கொல்வின் அனுமதி இல்லாமல் வன்னிக்குள் போய், மக்களின் பட்டினியையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் பார்த்துவிட்டு, இரவில் காட்டுவழியாக அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்பும்போது படையினரின் தாக்குதலில் சிக்கினார். அவருடைய இடக்கண் பார்வை போயிற்று. அதற்குப் பிறகு கறுப்புக் கண்மறைப்போடு உலகமெங்கும் அறியப்பட்ட அவர், 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். அவர் காயப்பட்டதற்கு அடுத்த மாதம், 2001 மே மாதத்தில், தணிக்கை விதிகள் நீக்கப்பட்டன. பாதை மட்டும் திறக்கவில்லை.

இதையெல்லாம் அரசின் கணக்கில் மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது. புலிகளின் கட்டுப்பாட்டு வன்னியில் அவர்களைக் கேள்வி கேட்கும் நாளிதழ் ஒன்று வெளிவரவில்லை. ஈழநாதமும் புலிகளின் குரலும் நிதர்சனமும் இயக்கத்தின் குரல்கள். வன்னியை விட்டு வெளியேற ‘பாஸ்’ வேண்டும். வெளியேற முடியாதவரின் வாயும் கட்டப்பட்டதுதான். இயக்கம் ஆட்களை, குறிப்பாகச் சிறுவரை, படைக்குச் சேர்த்ததைப் பற்றிய பெற்றோரின் குரல் உள்ளூர் அச்சில் ஏறவில்லை. மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில்தான் அது பதிவாயிற்று. 2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் பிரபாகரன் நடத்திய செய்தியாளர் சந்திப்புக்கு உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். கமராவும் பேனாவும் மணிக்கணக்கில் சோதிக்கப்பட்டன. தணிக்கைச் சட்டம் என்று ஒரு தாள்கூட இல்லாமல் தணிக்கை முழுமையாக நடந்த இடம் புலிகளின் வன்னி. கொழும்பில் குறைந்தபட்சம் வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இருந்தது.

2002 ஜனவரியில் பொருளாதாரத் தடை தளர்ந்தது. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரல் 8இல் ஏ9 திறப்பு. பற்றரி தாராளமாக வந்தது, பத்திரிகைக் கட்டுகள் பஸ்ஸில் வந்தன. அதையடுத்து வந்தது ஊடக ஒழுங்குமுறை வரலாற்றிலேயே அபூர்வமான ஒரு சிக்கல். பன்னிரண்டு ஆண்டாகச் சட்டவிரோதமாக ஒலித்த புலிகளின் குரலுக்கு ரணில் விக்கிரமசிங்க அரசு சட்டப்படியான உரிமம் கொடுத்தது. கருவிகள் நோர்வேத் தூதரகத்தின் ஊடாக நாட்டுக்குள் வந்தன. 2003 ஜனவரியில் புதிய பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது.

ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கொதித்தார். மத்தியஸ்தம் செய்யும் நாடு ஒரு தரப்புக்கு வானொலிக் கருவி கொண்டுவந்து கொடுப்பதா என்று நோர்வேப் பிரதமர் ஷெல் மக்னே பொண்டெவிக்குக்கே எழுதினார். அரசின் வாதமோ வேறு: உரிமம் கொடுத்தால் அந்த வானொலி நாட்டின் சட்டத்துக்குள் வந்துவிடும், அதிர்வெண், எல்லை, நிபந்தனை எல்லாம் எழுத்தில் இருக்கும். இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்தது. உரிமம் என்பது அனுமதி மட்டுமன்று, கட்டுப்பாடும்கூட. அதைப் பெற்றுக்கொண்டதன் மூலம் புலிகள் கொழும்பின் அலைவரிசை அதிகாரத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டார்கள். கொடுத்ததன் மூலம் கொழும்பு அவர்களின் குரலை ஒப்புக்கொண்டது. சமாதான முயற்சி முழுவதிலும் இவ்வளவு தெளிவான விட்டுக்கொடுப்பு அபூர்வம். சர்ச்சை அத்தோடு அடங்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 4இல் ஜனாதிபதி பாதுகாப்பு, உள்துறை ஆகிய அமைச்சுகளோடு மூன்றாவதாகத் தன் கைக்குள் எடுத்தது வெகுசனத் தொடர்பு அமைச்சு. ஊடகத்தின் இடம் எதுவென்று அந்த வரிசையே சொல்லும்.

போர்நிறுத்தம் மெல்லக் கரைந்தபோது ஒழுங்குமுறையும் தன் பழைய கருவிகளுக்குத் திரும்பியது. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. 2005இல் கிளிநொச்சியிலிருந்து தொடங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி, இன்ரெல்சாற் நிறுவனத்தின் செய்மதி ஒன்றில் அனுமதியில்லாமல் ஏறியிருப்பதாக இலங்கை அரசு முறையிட்டது. 2007 ஏப்ரலில் அந்த நிறுவனம் ஒளிபரப்பை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையின் இணைய இணைப்புகளில் திறக்கவில்லை. யார் கட்டளையிட்டது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்லவில்லை. பத்திரிகையைப் பூட்டினால் வாசலில் முத்திரை இருக்கும், வழக்குப் போடலாம். இணையத்தளம் மறைந்தால் திரையில் வெறும் பிழைச்செய்திதான். தணிக்கை தன் கையெழுத்தைப் போடாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

2007 நவம்பர் 27. பிரபாகரனின் மாவீரர் நாள் உரைக்குச் சற்று முன்னதாக, கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானப்படை குண்டு போட்டது. வானொலிப் பணியாளர்களான இசைவிழி செம்பியன், சுரேஷ் லிம்பியோ, தர்மலிங்கம் ஆகியோரும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களும் இறந்தார்கள். அரசுக்கு அது எதிரியின் பிரசார மையம். யுனெஸ்கோவின் தலைவர் கொய்சிரோ மட்சூரா தாக்குதலைக் கண்டித்தார். எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பும் கண்டித்தது. பிரசாரம் செய்வதால் மட்டும் ஒரு வானொலி நிலையம் இராணுவ இலக்காகிவிடாது என்பது அவர்களின் வாதம். 1999இல் பெல்கிரேடில் செர்பியத் தொலைக்காட்சி நிலையத்தை நேட்டோ தாக்கியபோதும் இதே விவாதம் எழுந்தது. நான்கு ஆண்டுக்கு முன் அதே கிளிநொச்சியில் உரிமத்தோடு ஒலித்த வானொலி அது. அன்றைய உரை வேறொரு வழியில் குறித்த நேரத்தில் ஒலிபரப்பாகிவிட்டது.

அடுத்த கட்டத்தில் எழுத்தை வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு சொன்னது. போகாதீர்கள் என்று மக்கள் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகத்தின் முன்னால் நின்று கேட்டார்கள். வாகனங்கள் போய்விட்டன. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும் 25இல் முல்லைத்தீவும் இராணுவத்திடம் வந்தன. இராணுவம் கூட்டிச் சென்று காட்டிய செய்தியாளரைத் தவிர வேறு எவரும் உள்ளே இல்லை. உள்ளிருந்தே செய்தி அனுப்பிய புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி பெப்ரவரி 12ஆம் திகதி எறிகணையில் இறந்தார்.

அப்போது உலகத்துக்குச் செய்தி சொன்னவர்கள் செய்தியாளர்கள் அல்லர், அரச வைத்தியர்கள். ரி. வரதராஜா, ரி. சத்தியமூர்த்தி, வி. சண்முகராஜா முதலானோர் தற்காலிக ஆஸ்பத்திரிகளிலிருந்து தொலைபேசியில் காயப்பட்டோர் கணக்கைச் சொன்னார்கள். மே மாதத்தில் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் சொன்ன எண்ணிக்கைகள் புலிகளின் நெருக்குதலால் கூட்டப்பட்டவை என்றார்கள். பின்னர் வெளிநாடு சென்ற வரதராஜா, அந்தச் சந்திப்பில் பேசியதே அழுத்தத்தின் பேரில்தான் என்றார். ஒரு வாக்குமூலத்தை அழிக்க இன்னொரு வாக்குமூலத்தை உண்டாக்குவது தணிக்கையின் மிகக் கொடிய வடிவம். கறுப்பு மையால் அடித்த பத்திரிகைப் பக்கமாவது இங்கே ஏதோ இருந்தது என்று காட்டும்.

வவுனியா மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களின் நிலையைக் காட்டிய சனல் 4 தொலைக்காட்சிக் குழுவினர் மூவர் அதே மே மாதத்தில் நாடு கடத்தப்பட்டார்கள். ஐ.நா. அமைப்பும் தன்னிடமிருந்த உயிரிழப்பு எண்ணிக்கையை அன்று வெளியிடவில்லை. அதன் தவறுகளை 2012இல் சார்ள்ஸ் பெற்றி தலைமையிலான உள்ளக ஆய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது. அரசின் கெடுபிடிக்குப் பயந்து பிறர் தாமே வாய் மூடுவதும் ஊடகக் கட்டுப்பாட்டின் விளைச்சல்தான்.

போருக்குப் பின் நிலைமை மாறவில்லையா? மாறியது. 2011இல் அவசரகால நிலை முடிந்தது. 2015 ஜனவரியில் தமிழ்நெற் தடை நீங்கியது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் 14ஆம் பிரிவு 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டது. சட்டம் மட்டும் நீக்கப்படவில்லை. மறுபக்கம், 2018 மார்ச்சில் திகன வன்முறைக்கும் 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கும் பிறகு சமூக வலைத்தளங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. வடக்கு நீண்டகாலம் தனியாக அனுபவித்ததைத் தெற்கும் அன்று ருசி பார்த்தது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. 1997இல் நீதிமன்றம் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

முல்லைத்தீவில் இன்றைய கட்டுப்பாடு மறுபடியும் சட்டத்துக்கு வெளியேதான் அதிகம். 2020 ஒக்டோபரில் முறிப்பில் சட்டவிரோத மரம் வெட்டலைப் படம் பிடிக்கப் போன இரு தமிழ்ச் செய்தியாளர்கள் அடித்து மிரட்டப்பட்டார்கள். 2021 நவம்பரில் முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படமெடுத்த செய்தியாளர் ஒருவர் இராணுவத்தினரால் தாக்கப்பட்டார்.

குடிமக்கள் கையில் இப்போது ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலகங்கள் உட்பட ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவரை மேன்முறையீடு செய்யலாம். தமிழ்நெற்றை மூடச் சொன்ன கட்டளை எங்கே, 1998 முதல் 2001 வரை தணிக்கை அதிகாரிகள் வெட்டிய பிரதிகள் எந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன, வன்னிக்குப் போக விண்ணப்பித்த செய்தியாளர்களில் எத்தனை பேருக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று வன்னியின் வாசகர்களும் பத்திரிகையாளரும் எழுத்தில் கேட்கத் தொடங்க வேண்டும்.